வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி வரும் இடத்தில் சிறு விவசாயிக்கு எப்படி உதவுவது?

கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து மூன்று வருஷத்துக்கு ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறீர்கள். விளைவதில் பெரும்பகுதியைத் தாங்களே சாப்பிட்டுத் தீர்க்கும் சிறு விவசாயிகளுக்கு அது போய்ச் சேர வேண்டும். அவர்கள் இருக்கும் இடத்தில் ஒரு வருஷம் வறட்சி, மறுவருஷம் வெள்ளம். ஆழ்துளைக் கிணறு போட்டு, கூடவே வறட்சி தாங்கும் விதையும் கொடுக்கலாம் என்று நினைக்கிறீர்கள். சரிப்பட்டு வருமா என்பதுதான் கேள்வி.

விதை சில இடங்களில் நன்றாகவே வேலை செய்யும். கிணறு விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. சந்தைக்கு விளைவிப்பவருக்கு மகசூல் குறைந்தால் வருமானம் குறையும். தன் சாப்பாட்டுக்கு விளைவிப்பவருக்கு முதலில் வீட்டுத் தானியம் போகும், அப்புறம் விதைக்கு வைத்தது போகும், அப்புறம் ஆடு, கடைசியில் உழவு மாடு. மாட்டை விற்றவருக்கு அடுத்த வருஷம் நல்ல மழை பெய்தாலும் பிரயோஜனம் பாதிதான். வாடகை மாடு கிடைக்கும் வரை காத்திருந்து, ஊரே விதைத்த பிறகு விதைப்பார். பருவம் தப்பிய விதைப்பு, அதிலும் பாதி மகசூல். மழை திரும்பி வந்த பிறகும் வறட்சி அந்த வீட்டில் மூன்று நான்கு வருஷம் தங்கிவிடுகிறது. அதனால் எந்த உதவியையும் ஒரே கேள்வி கேட்டுப் பாருங்கள்: மோசமான வருஷத்தில் இது அவர் கையில் எதை மிச்சம் வைக்கும்? நல்ல வருஷத்தில் எத்தனை மூட்டை கூடுதல் என்பது இரண்டாவது கேள்வி.

புது ரகத்தை அவர்கள் தொடவில்லை என்றால் "சொன்னால் கேட்க மாட்டார்கள்" என்று சொல்லிவிடுவது சுலபம். நாலு வருஷம் ஒன்றரை மடங்கு விளைந்து, ஐந்தாவது வருஷம் மொத்தமாகக் கைவிடும் ரகம் சராசரிக் கணக்கில் லாபம்தான். ஆனால் அந்த ஐந்தாவது வருஷத்தில்தான் மாடு விற்கப்படுகிறது, பிள்ளையின் படிப்பு நிற்கிறது. வேண்டாம் என்கிறவர் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறார்.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது ஒடிசாவில் நடந்த ஒரு ஆய்வு. நெற்பயிர் ஒரு வாரத்துக்கு மேல் முழுசாக மூழ்கிக் கிடந்தால் பொதுவாக அழுகிவிடும். மூழ்கியதும் அது தண்ணீருக்கு மேலே தலையை நீட்டப் பார்த்து, கைவசம் இருக்கும் மாவுச்சத்தையெல்லாம் அதிலேயே செலவழிக்கும். தண்ணீர் வடியும்போது நிற்கத் தெம்பிருக்காது. ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர்13ஏ என்ற ரகம் மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு மூச்சடக்கிக் கிடக்கும், தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். இதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006-இல் அடையாளம் கண்டார்கள். அதைப் பரவலாகப் பயிராகும் ஸ்வர்ணா நெல்லுக்குள் கொண்டுவந்து உருவாக்கிய ஸ்வர்ணா-சப்1 2009-இல் இந்தியாவில் வெளியானது. இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கும். வெள்ளம் வராத வருஷத்தில் பழைய ஸ்வர்ணாவைப் போலவே விளையும். அதே அரிசி, அதே ருசி.

அங்கே 128 ஊர்களில் குலுக்கல் முறையில் சிலருக்கு இந்த விதையைக் கொடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2016-இல் அந்த ஆய்வு வெளியானது. வெள்ளத்தில் பயிர் தப்பியது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, விதை வாங்கியவர்கள் விவசாயம் செய்த விதமே மாறிப்போனது. உரம் கூடுதலாகப் போட்டார்கள், நிலத்தைக் கூடுதலாகப் பயிரிட்டார்கள், நேரடியாக விதைத்துவிட்டுப் போகாமல் நாற்று நட்டார்கள். யாரும் அதையெல்லாம் செய்யச் சொல்லவில்லை. வெள்ளம் வந்தாலும் முழுசாகப் போகாது என்ற தைரியம் வந்ததும் கையிலிருந்ததை நிலத்தில் போட்டார்கள். வெள்ளம் வராத வருஷத்திலும் அந்தக் குடும்பங்களுக்கு விளைச்சல் கூடியது. இன்னொன்றும் தெரியவந்தது. அங்கே பட்டியல் சாதியினரின் நிலம்தான் மற்றவர்களுடையதைவிட அதிகமாகத் தாழ்ந்த, தண்ணீர் தேங்கும் இடங்களில் இருந்தது. அதனால் இந்த விதையின் பலன் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அதிகம் போயிருக்கிறது. விவசாயத் திட்டங்களில் இப்படி அமைவது அபூர்வம்.

விதையைப் பற்றி இவ்வளவு நல்லதாகச் சொல்லிவிட்டு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சப்1 நெல் எல்லா வெள்ளத்துக்கும் மருந்து கிடையாது. இடுப்பளவு தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும் இடத்தில் உதவாது. விதைத்த உடனே தண்ணீர் நின்றால் முளைப்பே வராது. கலங்கலான தண்ணீரில் பிழைப்பதும் குறைவு. "வெள்ளம் தாங்கும்" என்று பையில் அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்காமல், அவர்கள் வயலில் தண்ணீர் எந்த மாதம் வருகிறது, எவ்வளவு உயரம், எத்தனை நாள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வறட்சி தாங்கும் ரகத்துக்கும் இதே கதைதான். கதிர் வரும் நேரத்தில் மழை நின்று போகும் இடத்துக்குக் குறைந்த நாள் ரகம் பொருந்தும், முன்பே அறுத்துவிடலாம். நடுவில் மூன்று வாரம் விட்டுவிட்டு மறுபடி பெய்யும் இடத்தில் குறைந்த நாள் ரகம் அந்த மூன்று வாரத்திலேயே பூத்து வீணாகும். அங்கே காத்திருக்கத் தெரிந்த பயிர் வேண்டும்.

அதனால் முதல் மாதம் பணத்தைத் தொடாதீர்கள். பதினைந்து இருபது வீடுகளில் உட்கார்ந்து, போன பத்துப் பதினைந்து வருஷத்தை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எந்த வருஷம் என்ன ஆனது, முதலில் எதை விற்றீர்கள், அடுத்து எதை, எதை விற்கவே கூடாது என்று வைத்திருந்தீர்கள். ஆண்களிடம் ஒரு தடவை, பெண்களிடம் தனியாக ஒரு தடவை. பதில் ஒன்றாக இருக்காது. மாடு எப்போது போனது என்று அவருக்கு நினைவிருக்கும். சாப்பாட்டை எந்த மாதத்திலிருந்து குறைத்தோம், விதைப்பானையில் எப்போது கை வைத்தோம் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். விற்ற வரிசைதான் உங்களுக்குத் திட்டம். முதலில் விற்கிறதைக் காப்பாற்றினால் பின்னால் வருவது தானாகத் தப்பிக்கும்.

இனி தண்ணீர். வறட்சியையும் வெள்ளத்தையும் எதிரெதிர் ஆபத்தாக நினைத்து, இதற்கு ஒரு திட்டம் அதற்கு ஒரு திட்டம் என்று பிரிப்பது வழக்கம். மேட்டு நிலத்தில் இரண்டும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. மண்ணின் மேல் பொருக்கு இறுகியிருந்தால் மழை உள்ளே இறங்காமல் ஓடும். ஓடியது கீழே வெள்ளம், இறங்காதது மேலே வறட்சி. ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 10,000 லிட்டர். 40 மில்லிமீட்டர் மழையில் பாதி ஓடிப்போனால் 2 லட்சம் லிட்டர் தண்ணீர், கூடவே மேல்மண்ணும் எருவும். அதை நிறுத்துவதுதான் மிக மலிவான பாசனம்.

இதில் உலகமே பார்த்துக் கற்றுக்கொண்ட இடம் மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா பாஸோ நாட்டின் யாடெங்கா பகுதி. 1970-களின் பஞ்சத்துக்குப் பிறகு அங்கே நிலம் கல்லாக இறுகிக் கிடந்தது. சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கித் தண்ணீரைத் தடுக்கும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் சரிவு மிக லேசானது, கண்ணுக்குத் தெரியாது. கல்வரிசை சம மட்டத்தில் அமையாவிட்டால் தண்ணீர் தாழ்ந்த இடத்தில் சேர்ந்து உடைத்துக்கொண்டு போகும். 1980-களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு எளிய கருவி வந்தது: தண்ணீர் நிரப்பிய, உள்ளே இருப்பது தெரியும் நீளமான பிளாஸ்டிக் டியூப். அதன் இரண்டு முனைகளையும் அளவு குறித்த இரண்டு கம்பில் கட்டுவார்கள். ஒருவர் ஒரு கம்பைப் பிடித்து நிற்பார். மற்றவர் இன்னொரு கம்போடு நடந்து, சரிவில் மேலும் கீழும் நகர்ந்து பார்ப்பார். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே கோட்டில் வந்து நின்றதும் அங்கே ஒரு முளை அடிப்பார்கள். பிறகு முதல் ஆள் இடம் மாறுவார். முளைகளை இணைத்து மண்வெட்டியால் கோடு கிழித்து, கோட்டின் மேல் கல். டியூப்புக்குள் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும், அதை மட்டும் கவனிக்க வேண்டும். நம் கொத்தனார்கள் கையில் இருக்கும் அதே மட்ட டியூப்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓரிரு நாளில் கற்றுக்கொண்டார்கள். கல் இடைவெளியில் தண்ணீர் மெதுவாகக் கசிந்து போகும், வண்டல் மேல்பக்கம் தங்கும். மண் வரப்பைப் போலப் பெருமழையில் உடையாது. வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் ஒரே கல்.

அதே பகுதியில் யாகூபா சவாடோகோ என்ற விவசாயி, ஸாய் எனப்படும், சிறு குழி வெட்டி அதிலேயே விதைக்கும் பழைய முறையைக் கொஞ்சம் மாற்றினார். குழியைப் பெரிதாக வெட்டி, மழைக்கு முன்பே கோடையில் வெட்டி, உள்ளே எருவும் மட்கும் போட்டார். எருவைத் தேடிக் கரையான் வந்தது. கரையான் துளைத்த வழியில் தண்ணீர் இறங்கியது. முதலில் அவரைக் கிறுக்கன் என்றார்கள். 2018-இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அவருக்குக் கிடைத்தது. ஒரு பொட்டல் நிலத்தைக் காடாகவே மாற்றியிருந்தார்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு ஹெக்டேருக்கு 10,000 குழிக்கு மேல் வேண்டும், வெட்ட 300 மணி நேரமாவது ஆகும். சிறு விவசாயிக்கு நிலத்தைவிட, பணத்தைவிடச் சில மாதங்களில் ஆள்பலம்தான் பற்றாக்குறை. வெளியிலிருந்து போகிறவர்கள் அடிக்கடி சறுக்குவது இங்கேதான். களையெடுக்கும் வாரத்தில் பயிற்சி முகாம் வைப்பார்கள். அல்லது குடும்பத்தில் இளவட்டங்கள் வேலை தேடிப் போய்விட்ட மாதத்தில் குழி வெட்டச் சொல்வார்கள். சவாடோகோ செய்ததில் பெரிய விஷயம் வேலையைக் கோடைக்கு நகர்த்தியது என்றுதான் நான் சொல்வேன். ஊரின் வேலைக் காலண்டரை மாதவாரியாக எழுதாமல் எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

ஆள்பலம் தட்டுப்பாடு என்பதால் கூலி கொடுத்துச் செய்யவைக்கலாமே என்று தோன்றும். புர்கினா பாஸோவுக்குப் பக்கத்து நாடான நைஜரில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அரைவட்ட வடிவில் மண்ணை வெட்டி மழையைப் பிடிக்கும் முறை ஒன்று அங்கே உண்டு. சில ஊர்களில் அதற்குச் சுருக்கமான பயிற்சி மட்டும் கொடுத்தார்கள், சில ஊர்களில் பயிற்சியோடு பணமும். பயிற்சி மட்டும் கிடைத்த ஊர்களிலேயே ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் வெட்டிவிட்டார்கள். பணம் சேர்த்ததால் கூடுதலாக எதுவும் நடக்கவில்லை. எங்கும் இப்படியே ஆகும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பணத்தை வைத்து இழுப்பதற்கு முன், சரியாகச் சொல்லிக்கொடுத்தோமா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

நிலம் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். வருஷக் குத்தகைக்கு எடுத்தவர் கல் வரப்புப் போட மாட்டார், போட்டால் அடுத்த வருஷம் குத்தகை ஏறும் அல்லது நிலம் கைமாறும். நைஜரிலேயே இன்னொரு உதாரணம். 1983-இல் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் மரக்கன்றுகளை ஏற்றிக்கொண்டு போகும் வழியில், மணலில் ஓட்டுவதற்காக டயரில் காற்றைக் குறைக்க இறங்கினார். பக்கத்தில் புதர் என்று நினைத்ததை உற்றுப் பார்த்தால், வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டை துளிர்த்து நிற்கிறது. வயல் முழுக்க அப்படி வேர் உயிரோடு இருக்கிறது! நடவே வேண்டாம், இரண்டு மூன்று துளிரை விட்டு மற்றதைக் கழித்துக் காப்பாற்றினால் போதும். அந்த முறை நைஜரில் 50 லட்சம் ஹெக்டேர் அளவுக்குப் பரவியது. முறை எளிது என்பது மட்டும் அதற்குக் காரணம் ஆகாது. அதுவரை வயலில் நிற்கும் மரம் அரசாங்கத்துடையது, கிளை வெட்டினால் அபராதம். அதிகாரிகள் அந்தக் கெடுபிடியைத் தளர்த்திய பிறகுதான் விவசாயி மரத்தைத் தன்னுடையதாக நினைத்தார். உங்கள் இடத்தில் குத்தகைக்காரர்கள் அதிகம் என்றால், நிலத்தோடு ஒட்டாத உதவிகளாகப் பாருங்கள்: விதை, ஆடு, சேமிப்பு. அல்லது நில உரிமையாளரையும் உட்காரவைத்து ஐந்து வருஷத்துக்கு எழுதி வாங்குங்கள்.

மூடாக்கு பற்றிப் பலர் சொல்லியிருப்பார்கள். வைக்கோலைப் பரப்பினால் ஈரம் காயாது, உண்மைதான். ஆனால் அந்த வைக்கோல் மாட்டுக்குத் தீவனம். மாடு பட்டினி கிடக்க நிலத்தை மூடச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள், செய்யவும் கூடாது.

பண்ணைக்குட்டை வெட்டலாமா? வெட்டலாம், கணக்கைப் பார்த்துவிட்டு. 10 மீட்டருக்கு 10 மீட்டர், 2 மீட்டர் ஆழம் என்றால் ஏட்டில் 2 லட்சம் லிட்டர். கரையைச் சரிவாக வெட்டுவதால் உண்மையில் அதைவிடக் குறையும். ஆவியாவதும் கசிவதும் போக, தேவைப்படும் நாளில் ஒரு லட்சம் லிட்டர் இருந்தால் அதிர்ஷ்டம். ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் தண்ணீர் விட ஒரு லட்சம் லிட்டர் ஆகும். அதாவது ஒரு ஏக்கருக்கு ஒரே ஒரு தடவை தண்ணீர் கட்டலாம். இதை வைத்து இரண்டாம் போகம் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அந்த ஒரு தண்ணீர் பூக்கும் வாரத்தில் போய்ச் சேர்ந்தால் கதை வேறு. மக்காச்சோளம் பூக்கும் நேரத்தில் இரண்டு வாரம் காய்ந்தால் மகசூல் பாதிக்குமேல் போய்விடலாம். அதே காய்ச்சல் இளம்பயிரில் வந்தால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். குட்டையைக் காப்பீடு மாதிரி நினைத்து, கடைசி வரை தொடாமல் வைத்திருக்கும் ஒழுங்கு வேண்டும். குழந்தைகள் இருக்கும் இடம் என்றால் வேலியும் அந்தச் செலவில் சேர்த்தி.

தாழ்நிலத்து வெள்ளத்துக்கு வருவோம். முதலில் எல்லோருக்கும் தோன்றுவது கரை. வங்கதேசத்தின் தென்மேற்கில் 1960-களில் கடல்நீரும் வெள்ளமும் வயலுக்குள் வராமல் பெரிய கரைகள் போட்டார்கள். சில வருஷம் அருமையாக விளைந்தது. அப்புறம், வயலில் பரவ வேண்டிய வண்டல் ஆற்றிலேயே படிந்தது. ஆற்றுப்படுகை மேலே ஏற ஏற, கரைக்குள் இருந்த நிலம் கிண்ணம் போல் ஆகி, மழைத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கியது. குல்னா பக்கத்தில் பில் டாக்காதியா என்ற பள்ளத்தில் ஊர் ஊராக நிலம் வருஷக்கணக்கில் மூழ்கியது. 1990-இல் ஊர்மக்களே கரையை வெட்டிவிட்டார்கள். கடல் ஏற்றத்தின்போது உள்ளே வந்த ஆற்றுநீர் வண்டலை விட்டுப் போக, நிலம் உயர ஆரம்பித்தது. பின்னாளில் அரசே அதை ஒரு முறையாக ஏற்றுக்கொண்டது. அதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை: சில வருஷம் நிலம் தண்ணீருக்குள் கிடக்கும்போது அந்த நிலத்துக்காரர் எப்படிச் சாப்பிடுவார், அவருக்கு நஷ்டஈடு யார் தருவார் என்ற சண்டை ஓயவில்லை. சின்ன அமைப்பு கரை கட்டும் வேலையில் இறங்காமல் இருப்பதே மேல். தண்ணீர் அடுத்த ஊருக்குத்தான் போகும்.

வெள்ளத்தைத் தடுப்பதைவிட வெள்ளத்துக்குப் பிந்தைய பருவத்தைப் பிடிப்பதில் சின்னப் பணம் நிறைய சாதிக்கும். தண்ணீர் வடியும்போது நிலத்தில் புது வண்டலும் ஈரமும் இருக்கும், நாற்று மட்டும் இருக்காது. உயரமான இடத்தில், இரண்டு வாரம் தள்ளி, இன்னொரு நாற்றங்காலைப் பொதுவில் போட்டு வையுங்கள். வெள்ளம் வரவில்லை என்றால் அந்த நாற்று வீண், விதைச் செலவோடு போகும். வந்துவிட்டால் ஊரே ஒரு வாரத்தில் மறுநடவு செய்யும். நாற்றுப் பருவம் தாண்டிவிட்டது என்றால், ஈரத்திலேயே தூவிவிடக்கூடிய குறைந்த நாள் பயறு விதையைக் கையிருப்பில் வையுங்கள். தெற்கு வங்கதேசத்தில் ஆகாயத்தாமரையை அடுக்கிப் பாத்தி போல் மிதக்கவிட்டு, அதன் மேலேயே காய்கறியும் நாற்றும் வளர்க்கிறார்கள். ஐநாவின் உணவு, வேளாண்மை அமைப்பு 2015-இல் அதை உலக வேளாண் மரபுகளில் ஒன்றாக அங்கீகரித்தது. தேங்கிய, ஓட்டமில்லாத தண்ணீர் இருக்கும் இடத்துக்கே அது சரி. ஓடும் வெள்ளத்தில் பாத்தியே போய்விடும். கோழிக்குப் பதில் வாத்து, தானியப் பத்தாயத்துக்கு உயரமான மேடை, மாடு ஏறி நிற்க மண்மேடு, எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மேட்டில் நிற்கும் மாட்டுக்குப் பத்து நாள் தீவனமும் மேலே இருக்க வேண்டும். அதை மறந்துவிடுகிறார்கள்.

பேரிடர் முடிந்ததும் லாரி லாரியாக விதை வந்து இறங்கும். பெரும்பாலும் அது தேவையில்லாத உதவி. வறட்சி வந்தாலும் வெள்ளம் வந்தாலும் சுற்றுவட்டாரச் சந்தையில் உள்ளூர் விதை ஓரளவு இருக்கும், வாங்கத்தான் காசு இருக்காது. வெளியிலிருந்து வரும் விதை பருவம் கடந்து வரும், மண்ணுக்கு ஒத்துவராது, உள்ளூர் விதை விற்பவரின் பிழைப்பையும் கெடுக்கும். விதை வாங்கச் சீட்டோ பணமோ கொடுத்து, அக்கம்பக்கத்து விதைக்காரர்களை ஒரே நாளில் ஒரு சந்தைக்கு அழைத்தால் வேலை முடிந்தது. அதைவிட முன்னதாக, விதையும் தானியமும் பூச்சியில் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். மூன்று அடுக்குப் பை ஒன்று இருக்கிறது: உள்ளே இரண்டு கனமான பாலிதீன் உறை, வெளியே சாதாரணச் சாக்கு. ஒவ்வொன்றையும் இறுக்கிக் கட்டினால் உள்ளிருக்கும் வண்டு மிச்சமுள்ள பிராணவாயுவைத் தானே தீர்த்துவிட்டு அடங்கிவிடும். மருந்து வேண்டாம். பூச்சிக்குப் பயந்து அறுத்த கையோடு மலிவாக விற்றுவிட்டு, ஆறு மாதம் கழித்து இரட்டை விலைக்கு வாங்கிச் சாப்பிடும் வீடுகளில் இந்தப் பையே வறட்சி நிவாரணம்தான். தானியம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பைக்குள் பூசணம்.

காப்பீடு பற்றியும் கேட்பீர்கள். ஒவ்வொரு வயலையும் போய்ப் பார்த்து நஷ்டஈடு கொடுப்பது சிறு விவசாயத்தில் கட்டுப்படியாகாது. அதனால் மழைமானியையோ செயற்கைக்கோளையோ வைத்து, பகுதி முழுக்க ஒரே அளவில் பணம் தரும் காப்பீடுகள் வந்தன. வடக்குக் கென்யாவின் மார்சாபிட்டில் 2010-இல் கால்நடை வளர்ப்போருக்கு இப்படி ஒன்று தொடங்கினார்கள். மேய்ச்சல் நிலத்தின் பசுமையைச் செயற்கைக்கோள் அளக்கும், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் பணம். 2011 வறட்சியில் பணம் வந்தபோது, ஓரளவு வசதியுள்ள வீடுகளில் மாடு விற்பது குறைந்தது, ஏழை வீடுகளில் சாப்பாட்டைக் குறைப்பது குறைந்தது. நல்ல விஷயம். ஆனால் மலாவியில் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசே நாட்டுக்காக ஒரு வறட்சிக் காப்பீடு எடுத்து, ஏறத்தாழ 47 லட்சம் டாலர் கட்டியிருந்தது. 2015-16 பருவம் பொய்த்து 65 லட்சம் பேருக்கு உதவி தேவைப்பட்டது. காப்பீட்டின் கணினிக் கணக்கோ சுமார் 20,000 பேருக்குத்தான் பாதிப்பு என்றது, பணம் இல்லை. என்னவென்று பார்த்தால், விவசாயிகள் அதிக நாள் மக்காச்சோளம் போட்டிருப்பதாகக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். அவர்களோ குறைந்த நாள் ரகத்துக்கு மாறிப் பல காலம் ஆகிறது. மழை நின்ற வாரம் இரண்டு ரகத்துக்கும் வேறு வேறு பருவம். தவற்றை ஒப்புக்கொண்டு மாதங்கள் கழித்து 80 லட்சம் டாலர் கொடுத்தார்கள். வயலில் என்ன நிற்கிறது என்று முன்பே யாராவது போய்ப் பார்த்திருந்தால் போதும். உங்கள் அளவில் தனியாகக் காப்பீடு தொடங்க வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் ஒன்றில் சேர்த்துவிடுவதானால், எந்த மழைமானி, எத்தனை கிலோமீட்டர் தள்ளி, எந்தப் பயிர், எந்த நாள் கணக்கு என்று நாலு கேள்வி கேளுங்கள்.

முன்னறிவிப்பும் இப்போது கைக்கு வருகிறது. தெலங்கானாவில் பருவமழை தொடங்கும் நாளைச் சில வாரம் முன்பே சொல்லிப் பார்த்த ஆய்வில், தாங்கள் நினைத்ததைவிட மழை தாமதம் என்று கேட்டவர்கள் பயிரிடும் பரப்பைக் குறைத்துக்கொண்டார்கள், சீக்கிரம் என்று கேட்டவர்கள் சாகுபடிக்குப் போடும் செலவைக் கூட்டினார்கள். 2025-இல் இந்திய அரசு சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்கு இப்படிப் பருவமழைச் செய்தியைக் கைபேசியில் அனுப்பியது. நீங்கள் செய்ய வேண்டியது, அந்தச் செய்தி உங்கள் வீடுகளுக்கு வருகிறதா, புரிகிற மொழியில் இருக்கிறதா என்று பார்ப்பது. "பத்தில் ஏழு பங்கு வாய்ப்பு" என்றால் என்ன என்று பத்து விதையை எடுத்துவைத்துக் காட்டினால் எல்லோருக்கும் புரியும். தப்பாகப் போகும் மூன்று பங்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு தடவை பொய்த்துவிட்டால் அப்புறம் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

சரி, கிணறு. குடிக்கவும் மாட்டுக்கும் என்றால் போடுங்கள், கைப்பம்போடு. பாசனத்துக்கு என்றால், நிலத்தடி நீர் வருஷத்துக்கு எவ்வளவு ஊறுகிறது என்று தெரியாமல் போடாதீர்கள். முதல் கிணறு நன்றாக ஓடும். அதைப் பார்த்து வசதியுள்ளவர் பக்கத்தில் இன்னும் ஆழமாக ஒன்று போடுவார். வறட்சி வரும் வருஷத்தில், அதாவது தேவைப்படும் வருஷத்தில், முதலில் வற்றுவது நீங்கள் ஏழைக்குப் போட்டுக்கொடுத்ததாகத்தான் இருக்கும். மோட்டார் எரிந்தால் யார் காசில் சரிசெய்வது என்று ஊர் முன்பே முடிவு செய்யாத கிணறுகள் மூடிக் கிடப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகப் பணம் பற்றி. மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது செலவு செய்யாமல் வைத்திருங்கள் என்பேன். மூன்று வருஷத்தில் ஒன்று மோசமாகும், அன்றைக்கு அது வேண்டும். 2020 ஜூலையில் வங்கதேசத்தின் ஜமுனா ஆற்றில் (அங்கே பிரம்மபுத்திராவின் பெயர் அது) வெள்ளம் ஏறுகிறது என்று முன்னறிவிப்பு வந்ததும், உலக உணவுத் திட்டம் சுமார் 23,000 குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு 4,500 டாக்கா (அந்நாட்டுப் பணம்) வீதம், வெள்ளம் உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே கைபேசி வழியாக அனுப்பியது. வெள்ள நாட்களில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடக்கும் நிலை, பணம் கிடைத்த வீடுகளில் 36 சதவீதம் குறைவாக இருந்ததாகப் பின்னர் ஆய்ந்தவர்கள் கண்டார்கள். அத்தனை வேகமாக அனுப்ப முடிந்ததற்குக் காரணம், ஆற்றுமட்டம் எவ்வளவு ஏறும் என்று தெரிந்தால் பணத்தை விடுவது என்பதை முன்பே எழுதிவைத்திருந்தார்கள். நீங்களும் எழுதிவையுங்கள்: விதைத்து இத்தனை நாளுக்குள் இவ்வளவு மழை இல்லை என்றால், ஆற்றில் தண்ணீர் இந்தக் கல்லைத் தொட்டால், இன்னாருக்கு இவ்வளவு. கூட்டம் போட்டு முடிவெடுக்கும் வேலை அன்றைக்கு இருக்கக் கூடாது. பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இப்போதே ஒரு தடவை பத்து ரூபாய் அனுப்பிப் பாருங்கள். எந்தக் கணக்கு செத்துக் கிடக்கிறது, எந்த எண் வேலைக்குப் போன மகனுடைய சட்டைப்பையில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.